முள் ஏன் இறங்குது?

"உன் மச்சினன் காத்தான்தான்டா ஏதோ பண்ணியிருக்கான். அவனைக் கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டு, ஆயில் பிரஷர் தானா ஏறும்" என்றார் மிராசு துரைராசு.

நீடாமங்கலம் பட்டறை வாசலில் அவருடைய டிராக்டர் நின்றது. எஞ்சினைப் பிரித்து, பேரிங் மாற்றிப் பூட்டி மூன்று நாள்தான் ஆகிறது. கிளப்பினால் ஆயில் மீட்டர் முள் நாற்பதுக்குப் போகிறது. ஐந்தே நிமிஷத்தில் பத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்படியே வயலில் இறக்கினால் எஞ்சின் ஒரே நாளில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

"காத்தான் அப்படிப்பட்ட ஆளு இல்ல, சார்" என்றான் செல்லதுரை.

அவரை 'சார்' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான். அவன் தெருவில் மற்றவர்களுக்கு அவர் இன்னும் 'ஆண்டை'; அவரைக் கண்டால் தோள் துண்டு கைக்கு இறங்கிவிடும். பண்ணையாள் மகன் ஒருவன் பட்டறை வைத்தது அங்கே அதுதான் முதல் தடவை. "நான் எவன் முன்னாலயும் குனிஞ்சதில்ல" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வான். அப்புறம் எப்படி டிராக்டருக்கு அடியில் வேலை பார்க்கிறாய் என்று பட்டறையில் கூட வேலை செய்யும் காத்தான் கேலி செய்வான்.

துரைராசு விடவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் வீட்டு நாய்க்குக்கூட அரை வேலி நிலம் எழுதிவைத்தவர் என்று பெயர் வாங்கியவர், லேசில் விடுவாரா?

"டிராக்டர் வந்தா எங்க வயித்துல அடின்னு விவசாயக் கூலி சங்கத்துல கத்தினவன் அவன்தானேடா? ஆத்துல தண்ணி வந்தாச்சு. சாயங்காலத்துக்குள்ள வண்டி சேறடிக்க இறங்கலேன்னா, வேணும்னே கெடுத்தீங்கன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் பட்டறையை மூடிட்டு நீயும் நாத்துப் பறிக்கப் போகவேண்டியதுதான்."

அவர் போனதும் செல்லதுரை வேலையில் இறங்கினான். வேறொரு மீட்டரை மாட்டிப் பார்த்தான். அதிலும் பத்து.

"மீட்டர் பொய் சொல்லல."

"பேரிங் லூசா இருக்குமோ, மச்சான்?" காத்தான் கேட்டான்.

"வண்டியை நிறுத்து. கால் மணி கழிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள கிளப்பு."

கிளப்பினான். முள் மறுபடி நாற்பதுக்கு ஏறியது. மறுபடி இறங்கியது.

"பாத்தியா! பேரிங் லூசுன்னா இந்தச் சூட்டுல இவ்வளவு ஏறாது. நிறுத்தினா விலகுது, ஓடினா வந்து ஒட்டிக்குது. எண்ணெய் உறிஞ்சுற சல்லடையில என்னவோ அடைக்குதுடா. சம்பைக் கழட்டு. என்ன ஆனாலும் இன்னிக்குப் பாத்துடறேன்."

எண்ணெயை வடித்து, எஞ்சின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினார்கள். சல்லடையில் ஒரு சாண் நீளத் துணி அப்பிக்கொண்டிருந்தது. எண்ணெயில் ஊறிக் கன்னங்கரேல் என்றிருந்தது.

செல்லதுரை மச்சினனைப் பார்த்தான். "சம்பு பூட்டினப்ப நீயும் நானும்தானே இருந்தோம்?"

காத்தான் துணியையே பார்த்தான். அவன் முகம் மாறியது.

திரும்பப் பூட்டி, புது எண்ணெய் ஊற்றிக் கிளப்பினார்கள். அரை மணி ஓடியும் முள் நாற்பதை ஒட்டியே நின்றது. துரைராசு வந்துவிட்டார்.

"என்னடா கோளாறு?"

செல்லதுரை வாயைத் திறப்பதற்குள் காத்தான் முன்னால் வந்தான். "சல்லடையில துணி அடைச்சிருந்துதுங்க. என் தப்புதாங்க."

"அப்பவே சொன்னேன்ல! இவன் இருக்கிற பட்டறைக்கு இனிமே என் வண்டியும் வராது, என் பங்காளிங்க வண்டியும் வராது."

டிராக்டர் தெருமுனை திரும்புகிறவரை செல்லதுரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு வெடித்தான்.

"கூலிக்காக நேரா சண்டை போடு, நானும் வர்றேன். கூடவே இருந்து கழுத்தறுக்கிறியே! அதைவிடக் கேவலம், அவர் முன்னால கையைக் கட்டிக்கிட்டு 'தப்புதாங்க'ங்கிறே. மானம் இருக்காடா உனக்கு? நாளையிலேர்ந்து இங்க வராதே."

"சரி, மச்சான்."

காத்தான் அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான்.

"அதைக் குடு. எந்தத் துணியைப் போட்டேன்னு நான் பாக்கணும்."

"வேணாம், மச்சான். விட்டுடு."

செல்லதுரை பிடுங்கி மண்ணெண்ணெயில் அலசினான். அழுக்குப் போனதும் கறுப்பும் சிவப்புமாகக் கரை தெரிந்தது. தன் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் பார்த்தான். அதே கரை. ஒரு மூலை இல்லை. பட்டறைத் துண்டு, பத்துக் கிழிசலோடு அதுவும் ஒன்றாகக் கண்ணில் படாமல் கிடந்திருக்கிறது.

"அடப்பாவி! என் துண்டையே கிழிச்சு உள்ள போட்டு, என்னை மாட்டிவிடப் பாத்தியா?"

இதற்கு மேல் காத்தானால் மறைக்க முடியவில்லை.

"அன்னிக்கு நீ சம்பைத் தரையில வச்சுட்டு போல்ட் தேடிக்கிட்டிருந்தே, மச்சான். பின்னால மிராசு வந்து கனைச்சாரு. நீ வெடுக்குனு தோள் துண்டை எடுத்து சம்புக்குள்ள திணிச்சே. அவர் போனதும் இழுத்து மறுபடி தோள்ல போட்டுக்கிட்டே. உள்ள இருந்த தகட்டுல மாட்டிக் கிழிஞ்சிருக்கு. அது உனக்குத் தெரியாது."

காத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"துண்டைத் தோள்லேர்ந்து எடுத்ததே உனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்னுதான் நான் ஒத்துக்கிட்டேன்."