கம்பின் நுனி

ஐந்நூற்றுப் பன்னிரண்டு நாள்களாக மெங் ஷியூ அந்தக் கம்பை ஆட்டியிருந்தாள். நாளுக்கு முந்நூறு முறை. வெளிவட்டம், உள்வட்டம், குத்து.

இன்று அதை இலந்தை மரத்தில் சாய்த்துவிட்டு, வெறுங்கையோடு சண்டைப்பயிற்சி முற்றத்தின் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றாள்.

எதிரே சுய் தாபெங். இருபது வருடமாக வெறுங்கைச் சண்டை பழகியவர். விடிகாலை வகுப்பை அவர்தான் நடத்துகிறார். அதில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நண்பகல் ஆயுத வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தையும் தன்னிடம் தரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தெருவுல ஒருத்தன் வம்புக்கு வந்தா, கொஞ்சம் இருப்பா, வீட்டுக்குப் போயி பத்தடிக் கம்ப எடுத்துட்டு வந்துடறேன்னு சொல்லுவியா தங்கச்சி?”

முற்றம் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டாள்.

முற்றத்தின் தலைவர் ஹாவ் மாஸ்டர் சிரிக்கவில்லை. “மூணு தரம் முன்கைய முட்டித் தள்ளிப் பாருங்க, வட்டத்தத் தாண்டினவங்க தோத்தவங்க. கம்பு ஆட்டுறதால பிரயோஜனம் இருக்குன்னு காட்டினா வகுப்பு இருக்கும். இல்லன்னா திங்கக்கிழமை எல்லாக் கம்பும் அவரைக்கொடிப் பந்தலுக்குப் போயிடும்.”

நண்பகல் போனால் அவளுக்கு வேறு நேரம் கிடையாது. காலை நான்கு முதல் பதினொன்றுவரை அவள் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று மாவுக்குச்சி பொரிக்க வேண்டும்.

முன்கைகள் தொட்டன.

முதல் தரம் வெளியே போனது அவள்தான். தோளால் தள்ளிவிட்டாள். அது தப்பு என்று தள்ளும்போதே தெரிந்தது.

கம்பு அதை மன்னிக்காது. அடியில் ஒரு விரற்கடை பிசகினால், நுனியில் ஒரு முழம் பிசகும். தோளால் தள்ளினால் நுனி சும்மா தொங்கும். குதிகாலிலிருந்து இடுப்பு வழியாக வந்தால்தான் அது துடிக்கும்.

இரண்டாம் தரம் அவரைக் கம்பின் நுனியாக நினைத்துக்கொண்டாள்.

அவர் எடை சாய்வது முன்பே அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. இடுப்பு அரை வட்டம் திரும்பியது. அவ்வளவுதான். சுய் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார், எப்படி வந்தோம் என்று காலைப் பார்த்தபடி.

மூன்றாம் தரம் இலந்தை மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார். சாய்த்திருந்த கம்பு அவர் தலையில் விழுந்தது.

இந்த முறை அவரே முதலில் சிரித்தார். நல்ல மனிதர். பிறகு தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்.

“ஆனா இது கம்பால வந்ததில்ல மாஸ்டர். இவளை இவ ஊர்ல நல்லா அடிச்சுப் பழக்கியிருக்காங்க. வெறுங்கை அஸ்திவாரம். நான் சொன்னதத்தான் இவ காட்டியிருக்கா.”

ஆமென்று ஹாவ் மெல்லத் தலையாட்டினார்.

இந்த முற்றத்தின் சட்டம் அது. மூன்று வருடம் வெறுங்கை, அதன் பிறகே ஆயுதம். மீறியவர் வாசலைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதான். மெங் வேறு ஊரிலிருந்து வந்தவள். ஆயுத வகுப்பின் வாசலில் வந்து நின்றவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை; அங்கேயே வெறுங்கை பழகி வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஹாவ் கம்பை நீட்டினார், வாங்கிக்கொண்டாள்.

“ஊர்ல எத்தன வருஷம் வெறுங்கை பழகின?” ஹாவ் இப்போதுதான் கேட்டார்.

அவள் குனிந்து கம்பை எடுத்தாள். அடிமுனையை இடுப்பில் பதித்தாள். பத்தடிக்கு அப்பால் நுனி ஒருமுறை துடித்து நின்றது.

தலையை நிமிர்த்தினாள்.

“ஒரு நாள்கூட இல்ல மாஸ்டர். எனக்குக் கையால குத்தவே தெரியாது.”