பதினொன்று ஐந்துக்குள்

"பதினொண்ணு அஞ்சுக்குள்ள வர்ற மனுஷனை வெளிய அனுப்பிடணும். ஞாபகம் இருக்கட்டும்," என்றார் வாத்தியார், சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தபடி.

"நாம வீட்டை விக்கிறோமா, திருட்டு நகையை விக்கிறோமா?" என்றாள் மனைவி.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர், இப்போது ஒரு பொய்க்குக் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்கூட இல்லை, தண்டவாளம். அதிலும் சரியாக அந்த இடத்தில் ஒரு வளைவு. ஹாரன் அடிக்காமல் எந்த வண்டியும் அதைக் கடக்காது. ஒரு நாளைக்குப் பதினான்கு வண்டிகள். புருஷனும் பெண்டாட்டியும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, வண்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடரப் பழகியிருந்தார்கள். தங்கள் கல்யாணம் இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கு அந்த இடைவெளிகள்தான் காரணம் என்பது வாத்தியாரின் கட்சி.

வீடு பார்க்க வந்த ஆறு பேருக்கு அந்தப் பாக்கியம் தேவைப்படவில்லை. ஆறாவது ஆள் ஹாரன் கேட்ட வேகத்தில் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

முந்தின நாள்தான் தரகர் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரயில் சங்கதியை முதலிலேயே சொல்லி, விலையில் ஐந்து சதவீதம் தள்ளிக் கொடுத்துவிட்டால் காரியம் சுலபமாக முடியும் என்றார். மனைவிக்கும் அதுதான் சரியென்று பட்டது. வாத்தியாருக்குத்தான் மனசு வரவில்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்றில் லிஃப்ட் உண்டு. மற்றது மூன்றாவது மாடி, வெறும் படி. இரண்டுக்கும் இடையில் இருந்தது ஏறக்குறைய அந்த ஐந்து சதவீதம். மனைவியின் இரண்டு முழங்கால்களும் இப்போது அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

"என் காலுக்காக நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம்."

"உன் காலுக்காக யார் சொன்னா? உன்னைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறப் போற என் இடுப்புக்காக."

பத்தே காலுக்கு ஏழாவது ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தனியாகத்தான் வந்திருந்தார். குழாயைத் திறந்து பார்க்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. முன்னறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பின்னறை ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"பின்னாடி தண்டவாளம் போகுது போல."

"பழைய லைன் சார். எப்பவாவது ஒண்ணு போகும்," என்றார் வாத்தியார்.

"அப்படிங்களா," என்று மரியாதையாகத் தலையாட்டினார் அவர்.

பத்து ஐம்பதுக்கு வாத்தியார், வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் நல்லது என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். வந்தவரோ ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் காபி கிடைக்குமா என்று கேட்டார். மனைவிக்குப் பால் காய்ச்சுவதில் அன்றைக்கென்று அலாதிப் பொறுமை வந்திருந்தது.

பதினொன்று ஐந்து ஆயிற்று. வண்டி வரவில்லை. பதினொன்று பத்து. அப்போதும் இல்லை. வாத்தியார் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வேர்த்தது. பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல், இந்தத் தெருத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்பதை இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்து நடந்து வந்து காபியை வைத்தாள். வாத்தியாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. முறைத்திருந்தால்கூடப் பதிலுக்கு முறைத்துச் சமாளித்திருப்பார். பார்க்காமல் போனால் என்ன செய்வது?

"சார், எப்பவாவதுன்னு சொன்னது பொய்," என்றார் வாத்தியார். "தினம் பதினாலு வண்டி. இப்பவே ஒண்ணு வந்திருக்கணும், என்னவோ லேட். அஞ்சு சதவீதம் குறைச்சுக்கறேன். அதுக்கு மேல..."

வந்துவிட்டது. நீளமான ஹாரன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, டம்ளர் மேஜையில் நகர்ந்தது. வாத்தியார் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். வந்தவர் மட்டும் அசையவில்லை. கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"...என்னால முடியாது," என்று முடித்தார் வாத்தியார்.

"ஒண்ணும் குறைக்க வேண்டாம் சார். நீங்க சொன்ன விலைக்கே வாங்கிக்கறேன். ஆனா எனக்கு வேற ஒரு சலுகை வேணும்."

வாத்தியார் சுதாரித்துக்கொண்டார். முழு விலை கொடுக்கிறவன் கேட்கும் சலுகை எவ்வளவு பெரியதாக இருக்குமோ?

"நாளைக்கு என் வீட்டம்மாவை அனுப்பி வைக்கறேன். நான் வேலைன்னு கிளம்பினா வீடு திரும்ப ரெண்டு மூணு நாள் ஆகும், பாவம், தனியாவே இருந்து பழகிட்டா. பதினொண்ணு அஞ்சுக்கு அவளை இந்த ஜன்னல்கிட்ட நிக்க வைக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, நீங்களே கூட்டிட்டு வந்து பக்கத்துல நின்னு காட்டலாமே," என்றாள் மனைவி.

"நான் எப்படிம்மா நிக்கிறது?" என்றார் அவர், காபியை எடுத்துக்கொண்டே. "அந்தப் பதினொண்ணு அஞ்சு வண்டியை ஓட்டிட்டு வர்றதே நான்தான். இன்னிக்கு நான் லீவு போட்டதாலதான் லேட்டு."