வேறு வம்சம்

“பெரியப்பா, எங்க தாத்தாவும் உங்க அப்பாவும் கூடப் பிறந்தவங்க” என்றபடி நோட்டைப் பிரித்தான் வந்தவன்.

தோட்டத்துச் சொந்தக்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கழித்து உறவு சொல்லி வருகிறானென்றால், தோட்டத்தில் பங்குக்குத்தான்.

“யாரோ கதை விட்டிருக்காங்க. நாங்க வேற வம்சம்.”

வாயெடுத்த மனைவியைக் கண்ணாலேயே அடக்கினார்.

“நிச்சயமாவா?”

“சத்தியமா!”

வந்தவன் நோட்டில் அவர்கள் குடும்பத்தின் பெயரை அடித்தான். “நல்லவேளைங்க. எங்க வம்சத்துல சிலருக்கு நாற்பதுக்குள்ள திடீர்னு இதயம் நின்னுடுது. முன்னாடியே பரிசோதிச்சா மாத்திரையிலயே தப்பிச்சிடலாம். அதைச் சொல்லத்தான் வீடு வீடா அலையறேன்.”

அவன் கிளம்பினான்.

முப்பத்தெட்டில் போய்ச் சேர்ந்த மூத்த மகனின் படத்தைப் பார்த்த மனைவி, கணவரைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

“நில்லுப்பா! பெரியம்மா கூப்பிடறேன்... எனக்கு இன்னும் ஒரு பையன் இருக்கான்!”