ஐந்து மணிக்குள்

"கம்ப்யூட்டர் பாக்க வந்தீங்களா தம்பி, சாமி கும்பிட வந்தீங்களா?" என்றார் மேனேஜர் தண்டாயுதபாணி.

ஞானவேல் மறுபடி கீபோர்டைத் தட்டினான். கொடைக்கானலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு, பள்ளங்கிக்கு மேலே இருந்த இந்த எஸ்டேட்டுக்கு அவன் வந்து இரண்டு மணி நேரமாகிறது.

திரையில் ஒரு ஐகான். அதைச் சொடுக்கினால் ஸ்கிரிப்ட் என்ற சின்ன புரோகிராம் ஓடி, தொண்ணூறு நாள் வேலைக்கு வராதவர்களின் பட்டியலை எடுத்துத் தரும். பெயர் வந்தால், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு போய்விடும். ஐந்து மணிக்குள் பட்டியல் மதுரையில் முதலாளிக்குப் போக வேண்டும்.

இன்று ஸ்கிரிப்ட் ஓட மறுத்தது. அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அது பழைய டெக்னீஷியனுக்குத்தான் தெரியும், அவன் திருப்பூர் போய்விட்டான் என்றார் மேனேஜர்.

நாலரைக்கு முதலாளியின் போன் வந்தது. "வெரசா முடிச்சிருவோம் முதலாளி. வந்தவன்தான் மந்தம்" என்று மேனேஜர் ஞானவேலின் காதுபடச் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் நடக்க ஆரம்பித்தார்.

அவர் போனதும் கிளார்க் தேவகுமாரி மெல்லப் பேசினாள். பட்டியலில் ஒரே பெயர்தான் வருமாம். சுப்பம்மா. சிலோனிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்கு இந்த லயம்தான். இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவளுக்கு இன்றோடு தொண்ணூறு நாள்; நாளைக் காலையில் வந்து வருகைப் பதிவில் கைநாட்டு வைத்துவிட்டால் பெயர் வராது.

"ஒரு நாள்தாங்க. மேனேஜர் ஐயாகிட்ட அழாத குறையாச் சொன்னேன். ரூல் ரூல்தான்னுட்டாரு."

ஞானவேல் மெஷினை அணைத்து, பாஸ்வேர்டு கேட்காத வழியில் உள்ளே போனான். ஸ்கிரிப்டில் கோளாறே இல்லை. இன்று காலை ஆறு பன்னிரண்டுக்கு யாரோ அட்மினாக நுழைந்து, அது ஓடுவதற்கான அனுமதியை நீக்கியிருக்கிறார்கள்.

அவன் தேவகுமாரியைப் பார்த்தான். "நீங்களா?"

"எனக்கு ஆன் பண்ணத்தான் தெரியும்" என்றாள்.

மறுபடி போன். மேனேஜர் ஓடிவந்து எடுத்தார். "தம்பி, ஆச்சா?"

பொய் சொல்ல ஞானவேலுக்கு வாய் வரவில்லை. "திறந்துட்டேன் சார். ஓட்டட்டுமா?"

மேனேஜர் ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினார். அவன் காதருகே குனிந்தார்.

"வெள்ளனே வந்து நான் பூட்டுனதை, உங்களை யாருய்யா தொறக்கச் சொன்னது? அஞ்சு மணியானா மதுரையில ஆபீஸைச் சாத்திருவான். அதுவரைக்கும் சும்மா தட்டிக்கிட்டே இருங்க."

கையை எடுத்தார். "எங்க ஆச்சு முதலாளி, இன்னும் தேடிக்கிட்டுக் கெடக்கான்" என்று கத்தினார்.