அப்பாவின் கட்டைவிரல்

அப்பா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம், பஞ்சு பதித்த சின்ன அறையில், பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும்.

கட்டைவிரல் அமுக்கிக்கொண்டே இருந்தது.

இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். மெஷின் முன்னால் காது சோதிக்கும் மேடம். அவர் தோளுக்குப் பின்னால் நான். கதவோரம் அம்மா, இடது கையில் மாவுக்கட்டோடு.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கதவுக்கு வெளியே நாலு எட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, என்னங்க" என்று தொண்டை வற்றும்வரை கூப்பிட்டாளாம். பேப்பர் புரளும் சத்தம்தான் பதிலுக்கு வந்ததாம். நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்துதான் கதவைத் தள்ளினேன்.

கேட்கவில்லையா, கேட்டும் எழுந்திருக்கவில்லையா? அன்றிலிருந்து அம்மாவுக்கு இந்த ஒரே கேள்விதான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பாவோடு மர மில்லில் வேலை பார்க்கும் ஒற்றைப்பல் மாமா தெருமுனையிலிருந்து குரல் கொடுத்தால் அப்பா உடனே செருப்பைத் தேடுவார். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் மட்டும் அசைய மாட்டார்.

"வேணுங்கிறது மட்டும் விழற காது" என்பாள்.

மேடம் அதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். மர மில்லில் ரம்பத்தின் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவர்களுக்கு முதலில் போவது கீச்சு சத்தங்கள்தானாம். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் தேய்ந்துபோகும். தடித்த ஆண் குரல் பாக்கி இருக்கும். அம்மா நம்பாமல் தலையாட்டினாள்.

மேசையில் மூன்று கருவிகள் இருந்தன. காதுக்குப் பின்னால் மாட்டுவது, காது ஓட்டையை அடைப்பது, உள்ளே போய்விட்டால் வெளியே தெரியாதது. தாளில் விழும் சோதனைக் கோடு எந்த இடத்தில் சரிகிறது என்று பார்த்துத்தான் எது சரிப்படும் என்று சொல்ல முடியும், அழகு பார்த்து எடுத்தால் அலமாரிக்குள்தான் கிடக்கும் என்றார் மேடம்.

அப்பா மூன்றையும் செத்த பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒற்றைப்பல் மாமாவை இதே இடத்துக்குச் சோதனைக்குக் கூட்டி வந்தவர் அப்பாதான். மாமா கருவி மாட்டிக்கொண்ட வாரமே ரம்பத்திலிருந்து எடுத்து வாசல் காவலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்கும் காலையிலிருந்து அப்பா மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

பஸ்ஸில் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். ஊதி, மறுபடி துடைத்து, அவரே மாட்டியும் விட்டார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட அப்படிச் செய்தவர் இல்லை.

இங்கே வந்ததும் இன்னொரு கூத்து. எல்லோரையும் சுவரைப் பார்த்து உட்கார வைப்பதுதான் வழக்கமாம். என்னைக் காட்டி, அடைத்த அறையில் மூச்சு முட்டும், பாப்பா முகம் எதிரே தெரிந்தால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். போனால் போகிறது என்று மேடம் விட்டுவிட்டார்.

சோதனை முடிந்தது. மேடம் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"இருபது வயசுக் காது மாதிரி இருக்கு. கருவியே தேவையில்ல."

அப்பா பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி வெளியே வந்தார்.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டைத்தான் பார்த்தாள். பிறகு அப்பாவுக்கு நேராக வந்து நின்று, வீட்டில் பேசும் பழக்கத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்போ அன்னைக்கு நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டிருக்கு. நாளைக்கு நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. இதை அவர் யோசித்தே பார்த்திருக்கவில்லை.

மூன்று கருவிகளையும் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி வச்சுப் பாருங்க மேடம்" என்றார்.

அறைக்குள் போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"பாப்பா, கண்ணாடியைக் கழட்டிடு."

எதற்கு என்று புரியாமல் அப்படியே நின்றேன். மேடம் முதல் சத்தத்தைக் கொடுத்தார். அவர் மெஷினில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே சன்னலில் என் முகம் லேசாகத் தெரிந்தது. என் மூக்குக்கண்ணாடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

மில்லில் யாரும் காதை நம்பி வேலை செய்வதில்லை. ரம்பத்துக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு இருக்கும். அது எரிந்தால் கட்டையைத் தள்ள வேண்டும். முப்பது வருஷமாக அப்பாவின் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

எல்லாம் கலங்கலாகப் போனது. மேடத்தின் மெஷினில் சிவப்பு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. மேடம் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, ரொம்ப நேரம் எரிந்தது.

அம்மா கதவோரத்திலிருந்து வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

"அமுக்குறாராம்மா?" என்று கேட்டேன்.

அவள் கட்டுப் போடாத கையால் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.