என்ன காரணமாக அழைக்கிறீர்கள்

தடுத்து வைத்த அழைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, தடுத்தது சரியா தவறா என்று குறித்து அனுப்பும்படி ஆப் கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தார்கள்.

மோகன்குமாருக்குப் பிடித்த வேலைதான். புதிதாக எந்த ஆப் வந்தாலும், ஊருக்கு வருவதற்கு முன்பே தன் போனில் போட்டு அதை ஒரு வழி பண்ணிவிடுகிற ஆள் அவன். நாலு போனையும் ஒரு பெண்டாட்டியையும் வைத்துக்கொண்டு, போன்களோடு மட்டும் குடித்தனம் நடத்துகிறவன் என்பாள் கயல்விழி.

அப்பா சுப்பையனின் காரியம் முடிந்து, எருமப்பட்டியிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேற்றுத்தான் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தார்கள். மனதை எதிலாவது திருப்பினால் தேவலை போலிருந்தது. போனை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தான்.

இந்த ஆப் கொஞ்சம் வில்லங்கமானது. தெரியாத நம்பரிலிருந்து யாராவது கூப்பிட்டால் போன் அடிக்காது. ஆப்பே எடுத்து, யார், என்ன காரணம் என்று விசாரிக்கும். காரணம் உருப்படியாக இருந்தால்தான் மணி அடிக்கும். இல்லையென்றால் பேச்சைப் பதிந்து வைத்துக்கொண்டு ஆளை ஓரங்கட்டிவிடும்.

விசாரிப்பதும் அவனுடைய சொந்தக் குரலிலேயே.

அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, அது கொடுத்த வாக்கியங்களையெல்லாம் தொண்டை கட்டும்வரை வாசித்திருந்தான். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்த கயல்விழி, பேசுவது ஆப் என்று தெரியாமல் அதோடு சண்டைக்கே போய்விட்டாள். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தான்.

முதல் பதிவில் ஒரு பெண் கடன் வேண்டுமா என்று கேட்டாள். அடுத்து ஓமலூர்ப் பக்கம் மனை விற்கிறவர். அவன் குரலை நம்பி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றுகூட விசாரித்திருந்தார். சரி, சரி என்று குறித்துக்கொண்டே போனான்.

சமையலறையில் அம்மா ஆராயி, மருமகளிடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்ன கதை. அப்பா போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டு மறந்துவிட்டு, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனார். திரும்பும்போது ஆத்தூர் ரோட்டில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். காதுகுத்து வீட்டுக்காரர் போன் பண்ணித்தான் சேதியே தெரியும்.

“மகனக் கூப்புடோணும்னு நெனைக்கக்கூட நேரமில்லியே அம்மணி. நோவு நொடி ஒண்ணும் படாம பொசுக்குனு போயிட்டாரு. அந்த மட்டுக்கும் புண்ணியம்.”

அம்மாவுக்கு அது ஆறுதல். அவனுக்கு அதுதான் முள்.

அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவனுடையது. அங்கே நின்ற யாரிடமாவது போனை வாங்கி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வண்டியை முறுக்கினால் அயோத்தியாப்பட்டணம் என்ன அவ்வளவு தூரமா. கடைசி நேரத்தில் தன் நினைப்பே அவருக்கு வரவில்லையோ என்று, மொட்டை போட உட்கார்ந்தபோதுகூட மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பெற்ற அப்பனிடம் போய்க் கோபித்துக்கொள்ளவும் இனி வழியில்லை.

இன்னும் ஒரு பதிவுதான் பாக்கி. தொட்டான்.

லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்து போகிற சத்தம். பிறகு அவன் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாக.

“வணக்கம். நீங்கள் யார்?”

“நாந்தாஞ் சாமி. அப்பன்.”

சன்னமான குரல். ரோட்டுச் சத்தத்துக்கு அடியில் பாதி அமுங்கிக் கிடந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு இழுத்தது.

“நீங்கள் என்ன காரணமாக அழைக்கிறீர்கள்?”

பஸ் ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருகிற பழக்கம் அப்பாவுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. தலைபோகிற காரியமானாலும் சாப்பாட்டை விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அன்றைக்கும் அதைத்தான் செய்தார்.

“சாப்புட்டியா சாமி?”

“காரணத்தைச் சொல்லுங்கள்,” என்றது அவன் குரல்.

மறுபடி மூச்சுச் சத்தம். அடுத்துப் பேசியபோது, பிறந்ததிலிருந்து அவனை வா சாமி, போ சாமி என்றே கூப்பிட்ட மனுஷன், ஏதோ ஆபீசரிடம் பேசுவதுபோல் பேசினார்.

“காரணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வேலையா இருக்கறீங்களாட்ட இருக்குது. நீங்க பாருங்க.”

அத்தோடு முடிந்தது. கீழே எழுத்தில் வந்தது: காரணம் சொல்லவில்லை. தடுக்கப்பட்டது.

அதற்கும் கீழே கம்பெனிக்காரர்களின் கேள்வி. இந்த அழைப்பைத் தடுத்தது சரியா, தவறா?

மோகன்குமாருக்கு ஓவென்று கத்தி அழ வேண்டும்போல் இருந்தது. தவறு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தான்.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

“யாருகூடச் சாமி பேசிட்டிருக்கற? உங்கொரலு உள்ளார வரைக்கும் கேக்குது. சோறு ஆறுது பாரு.”

அம்மாவின் முகத்தைப் பார்த்தான். நோவு படாமல் போய்விட்டார் என்கிற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்தான்.

“யாருமில்லம்மா,” என்றான். “தெரியாத நம்பரு.”