அழகிகள் நட்ட கன்றுகள்

"பிளேடு வெச்சிருக்கான்! உடாதீங்கடா அவன!"

எழிலன் கூச்சலிட்ட மறுநொடி, கலியபெருமாளின் முகத்தில் முதல் குத்து விழுந்தது. உதடு கிழிந்து, சட்டையில் இரத்தம் கொட்டியது.

நெகிழி ஒழிப்பை வலியுறுத்தும் பன்னாட்டு அழகிப் போட்டி அது. முந்தைய நாள், பத்தொன்பது நாட்டு அழகிகள் செஞ்சிக் கோட்டையின் அகழிக்கரையில் ஆளுக்கொரு வேப்பங்கன்றை நட்டிருந்தனர். இன்று பத்து மணிக்கு நடுவர்கள் அவற்றைப் பார்வையிட வேண்டும். எழிலனும் விழாக்குழு இளைஞர்களும் ஒன்பதரைக்கு வந்து பார்த்தால், பத்தொன்பது குழிகளும் வெறுமையாகக் கிடந்தன. கலியபெருமாள் மட்டும் கையில் பிளேடோடு குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார்.

விழாவுக்குக் கன்றுகளை வளர்த்துக் கொடுத்தவரே அவர்தாம். பிடுங்கிய கன்றுகள் மதில் நிழலில், ஈரச்சாக்கு போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

"மேடையில கூப்ட்டு சால்வ போடலன்னு காண்டா, பெர்சு?" என்று கேட்டுக்கொண்டே, விழாப் பொறுப்பாளனான எழிலன் அவரது வயிற்றில் உதைத்தான்.

"அது இல்லப்பா... நா சொல்றத..."

"இன்னாத்த சொல்வ? ஊர் மானமே பூடுச்சு!"

அவர் வாய் திறந்தபோதெல்லாம் வாய்மேலேயே அடி விழுந்தது. விழாக்கொடி கட்டியிருந்த சவுக்குக் கழியை ஒருவன் பிடுங்கி வந்தான். மூன்றாம் அடியில் கழி முறிந்தது. நான்காவதில் அவரது முன்கை முறிந்தது. படித்த இளைஞர்கள், பசுமை வாசகம் பொறித்த பனியன் அணிந்தவர்கள், கீழே கிடந்தவரை முறைவைத்து மிதித்தனர்.

அப்போது வந்து நின்ற பேருந்திலிருந்து இறங்காமலேயே அழகிகள் அலறினர். சிலர் அலறிக்கொண்டே படமும் பிடித்தனர்.

"எங்க நைனாவ உட்ருங்கண்ணா! செத்துப் பூடுவாரு!" என்று ஓடிவந்த மகள் கலைமதியை ஒருவன் தள்ளினான். அவள் நெற்றி பாறையில் மோதிப் பிளந்தது.

காவல் உதவி ஆய்வாளர் ஜெயஸ்ரீ தடியைச் சுழற்றிய பின்னரே கூட்டம் விலகியது.

"ஆளு உசுரோட இருக்காரா பாரு," என்று காவலரிடம் கூறியவர், குனிந்து கலியபெருமாளின் தலையைத் தாங்கினார். "கன்னெல்லாம் நீதானே புடுங்குன?"

"ஆமா மேடம்."

"பாருங்க, அவன் வாயாலயே ஒத்துக்கினான்!" என்று எழிலன் பாய்ந்தான். அவனை ஒரு கையால் நெட்டித் தள்ளினார் ஜெயஸ்ரீ.

"ரெண்டு வருசம் நீயே வளத்த கன்ன, நீயே ஏன்யா புடுங்குன?"

கலியபெருமாள் உடைந்த பல்லை இரத்தத்தோடு துப்பினார்.

"திருப்பி நடுறதுக்குத்தான் மேடம். பத்தொம்பது பேருமே பிளாஸ்டிக் கவரக் கிழிக்காமயே நட்டுட்டாங்க."